முதலில் மிக்ஸியை நிறுத்துங்கள்: இளையோருக்கு ஏலியன் கதை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுக்காரர்கள் படிக்கிற மாதிரி, வேற்றுகிரகவாசிகளை மனிதர்கள் முதன்முறையாகச் சந்திக்கிற ஒரு கதை எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் பத்தியில் வானத்தில் ஒரு தட்டு வருகிறது, ஊர் முழுக்கக் கரண்ட் போகிறது, தட்டிலிருந்து பெரிய தலையோடு ஒருவர் இறங்கி "பூமியின் மைந்தர்களே" என்று செந்தமிழில் ஆரம்பிக்கிறார். சரி, அப்புறம்? அந்த "அப்புறம்" வருகிற இடத்தில்தான் பெரும்பாலான நோட்டுகள் நின்றுபோகின்றன. என்னுடையது ஆறாம் பக்கத்தில் நின்றது. அவர் பேசிவிட்டார், இவர்களுக்குப் புரிந்துவிட்டது, மேற்கொண்டு எழுத எதுவும் மிச்சமில்லை.

பல நாள் கழித்துத்தான் உறைத்தது. இந்த வகைக் கதையில் சுவாரசியமே புரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. வந்தது என்ன, சொல்வது என்ன, சொல்கிறதா இல்லையா, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று திணறுகிற பக்கங்கள்தான் கதை. பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. வீட்டில் பாதி நேரம் அவர்கள் சொல்வது யாருக்கும் புரிவதில்லை, பெரியவர்கள் சொல்வது அவர்களுக்குப் புரிவதில்லை. ஆகவே கீழே சொல்கிற படிகள் எல்லாமே அந்தப் புரியாமையைச் சீக்கிரம் தீர்த்துவிடாமல் காப்பாற்றி வைக்கிற வழிகள்தான்.

படி 1: எது வரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. தூரத்திலிருந்து ஒரு சிக்னல் வரலாம், ஆளில்லாத ஒரு பொருள் வரலாம், உயிருள்ள ஒன்று நேரில் வரலாம். முதல் கதைக்கு மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றையும் ஒரே கதையில் போட்டால் மூன்று கதைகளின் முதல் அத்தியாயம்தான் கிடைக்கும்.

என் ஓட்டு சிக்னலுக்கு. காரணம் தூரம். நம் சூரியனைப் போன்ற பக்கத்து நட்சத்திரங்களில் ஒன்று டௌ செட்டி, சுமார் 12 ஒளியாண்டு தூரத்தில், அதாவது ஒளியே வந்துசேர 12 வருடம் எடுக்கிற தூரத்தில், இருக்கிறது. 1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் ஒரு ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பி, அயல் நாகரிகங்களின் சிக்னல் ஏதாவது கேட்கிறதா என்று முதன்முதலில் தேடிய இரண்டு நட்சத்திரங்களில் அதுவும் ஒன்று (மற்றது எப்சிலான் எரிடானி, இரண்டிலிருந்தும் ஒன்றும் கேட்கவில்லை). வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் 12 ஒளியாண்டைக் கடக்க 2 லட்சம் வருடத்துக்கு மேல் ஆகும். நேரில் வருகிறவர் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக வர வேண்டும், அதற்கு ஓர் எந்திரம் வேண்டும், அந்த எந்திரத்தை நீங்கள் விளக்க வேண்டும். விளக்கத் தொடங்கியதும் பையன் புத்தகத்தை மூடிவிடுவான்.

சிக்னல் என்றால் ரேடியோ அலை, ஒளியின் வேகத்திலேயே 12 வருடத்தில் வந்துவிடும், விளக்கமும் தேவையில்லை.

படி 2: காலக் கணக்கைப் போட்டுவிட்டு எழுதுங்கள்

ஒரு கேள்வி போக 12 வருடம், பதில் வர 12 வருடம். பதினாலு வயதில் கேட்டவளுக்கு முப்பத்தெட்டு வயதில் பதில் கிடைக்கும். இதை ஒரு தொல்லையாக நினைத்து ஒளியைவிட வேகமான ரேடியோவைக் கண்டுபிடித்துவிடாதீர்கள். இந்தத் தாமதத்துக்குள்ளேயே கதை இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 38 வயது, மகளுக்கு 14 என்று வையுங்கள். அம்மா பதினாலு வயதுப் பெண்ணாக இருந்த வருடம் பூமியிலிருந்து கசிந்துபோன ஏதோ ஓர் அலைக்குப் பதில், மகளுடைய பதினாலாவது வயதில் வந்து சேருகிறது. அது என்ன அலை என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் கதை. ஆனால் அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே செய்தியைப் படிக்க வேண்டிய நிலை தானாகவே வந்துவிடுகிறது பாருங்கள்.

உரையாடல் இல்லாமல் உங்களால் எழுத முடியாது என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. அவர்கள் பல்லாயிரம் வருடங்களுக்கு முன் அனுப்பிய ஒரு சிறு கருவி நிலவில் கிடக்கிறது என்று வையுங்கள். நிலவுக்குப் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 2.6 நொடிதான். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவோடு சிக்னல் சரியில்லாத போனில் பேசுகிற மாதிரி இருக்கும்.

படி 3: இடத்தையும் ஆளையும் பிடியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் கதை ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

ஏலியன் கதை என்றாலே அமெரிக்காவின் நெவாடா பாலைவனமும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஏஜெண்டுகளும் வேண்டும் என்பது யார் தலையில் கட்டியது என்று தெரியவில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், ஒரு மலைச்சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970லிருந்து இருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. ஏன் சரிவில் கட்டினார்கள் என்பதுதான் அழகு. அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்தில் நகர்கிற பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். இப்படி ஒரு மலையைத் தேடிப் பிடித்தவர்களைப் பற்றி எழுதாமல் நெவாடா எதற்கு?

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். ஹைட்ரஜனின் 1420 மெகாஹெர்ட்ஸில் (விண்வெளி முழுக்க இருக்கிற ஹைட்ரஜன் இயல்பாக வெளியிடும் அலைவரிசை) சிக்னல் வந்தது என்று எங்கோ படித்ததை அப்படியே போட்டுவிடுவார்கள். முத்தோரைத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். சரி, அப்படியானால் அவர்கள் ஏன் எல்லோரும் எதிர்பார்க்கிற 1420ஐ விட்டுவிட்டு இந்த அலைவரிசையில் அனுப்பினார்கள்? கேள்வி வந்துவிட்டது அல்லவா, அதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். (நிஜ இடத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு பெயரை மாற்றிக் கற்பனையான மையமாக எழுதுவது நல்லது. அங்கே வேலை செய்கிறவர்கள் நம் கதாபாத்திரங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.)

இப்போது ஆள். விஞ்ஞானியின் மகன், கம்ப்யூட்டர் மேதை, பத்து வயதில் ராக்கெட் செய்தவன், இவர்கள் யாரும் வேண்டாம். நம் மாதிரிக் கதைக்கு அந்த மையத்தின் கேண்டீனை நடத்துகிற அம்மாவின் மகளை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு. பெயர் சுமதி.

கேண்டீன் எதற்கு என்றால், ரேடியோ தொலைநோக்கிக்காரர்களின் நிரந்தர எதிரி சமையலறை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998லிருந்து அவ்வப்போது புரியாத துடிப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2015இல்தான் காரணம் தெரிந்தது: அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இதற்குச் சமமானது மிக்ஸி. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசுகிற இடத்தில் பொறி பறக்கும், ஒவ்வொரு பொறியும் பரவலான ரேடியோ இரைச்சல். பழைய ஆண்டெனா டிவியில் நல்ல கட்டத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியதும், "யாரு மிக்ஸி போட்டது" என்று கூடத்திலிருந்து கத்தியதும் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

ஆகவே மையத்தில் ஒரு விசித்திரமான துடிப்பு பதிவாகிறது, உடனே பழி கேண்டீன் மிக்ஸி மேல் விழுகிறது.

"ஏம்மா, மறுபடியும் மிக்ஸி போட்டீங்களா?"

"இல்ல சார், அது ரிப்பேருக்குப் போய் நாலு நாள் ஆச்சு. அம்மிலதான் அரைக்கிறேன்."

"அப்ப கிரைண்டரா இருக்கும். பாத்துப் போடுங்க."

சார் போய்விடுகிறார். மிக்ஸி கடையில் இருக்கிறது, கிரைண்டர் அன்றைக்குக் காலையில் ஓடவில்லை, இது இரண்டும் தெரிந்த ஒரே ஆள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பெண். ஏலியன் கதையில் ஒரு சிறுமிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 4: துப்பு கொடுங்கள், அதையும் சரியாகக் கொடுங்கள்

சுமதி எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? சார் வந்து திட்டுகிற நேரத்தைப் பால் கணக்கு நோட்டில் எழுதி வைப்பதன் மூலம். இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. மனிதர்கள் கிளப்புகிற இரைச்சல் கடிகாரத்தோடு ஒட்டியிருக்கும், காலை டிபன் என்றால் தினமும் ஏழரையிலிருந்து எட்டுக்குள். ஆனால் ஒரு நட்சத்திரம் நேற்று இருந்த அதே இடத்துக்கு இன்று சுமார் 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஒரு மாதத்தில் இது 2 மணி நேரம். துடிப்பு நாளுக்கு நாலு நிமிடம் முந்திக்கொண்டே போனால் அது மிக்ஸி இல்லை, எந்த மிக்ஸியும் நட்சத்திரக் கணக்கில் ஓடாது. நிலவில் கிடக்கிற கருவி என்று எழுதியவர்கள் கவனியுங்கள், உங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நிலவு தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கும், ஆகவே உங்கள் நோட்டில் நேரம் எதிர்ப்பக்கம் நகர வேண்டும்.

இது நான் வானத்திலிருந்து பிடித்ததில்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற இருபத்துநாலு வயது ஆராய்ச்சி மாணவி, நாளுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வந்து விழுகிற காகிதச் சுருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு சின்னக் கிறுக்கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அது நட்சத்திரங்களின் நேரத்தைப் பின்பற்றித் திரும்பத் திரும்ப வந்தது. 1.34 நொடிக்கு ஒருமுறை துல்லியமான துடிப்பு. விளையாட்டாகவோ பாதி சந்தேகத்தோடோ அதற்குக் குட்டிப் பச்சை மனிதர்கள் என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் அது பல்சர், வேகமாகச் சுழல்கிற நியூட்ரான் நட்சத்திரம். 1974இல் நோபல் பரிசு அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குப் போனது, அவருக்குப் போகவில்லை. உங்கள் கதையில் சுமதியின் நோட்டு யார் பெயரில் வெளியாகப் போகிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

கெட்டிக்கார வாசகர் ஒருவர் கேட்பார்: விண்வெளித் துடிப்பு என்றால் தாழ்ந்த அதிர்வெண் சற்றுத் தாமதமாக வந்து சேருமே, அதை வைத்து மையத்துக்காரர்கள் உடனே கண்டுபிடித்திருப்பார்களே? நியாயம்தான். ஆனால் வழியில் உள்ள எலக்ட்ரான்கள்தான் அந்தத் தாமதத்தை உண்டாக்குகின்றன, பக்கத்து நட்சத்திரம் என்றால் வழி குறைவு, தாமதமும் சொற்பம், கவனிக்காமல் விட வாய்ப்பு இருக்கிறது. துடிப்பு எல்லா நாளும் வராது, சில நாள் விட்டுவிட்டு வரும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை முட்டாளாக்காமல் தவறவிடச் செய்ய வேண்டும். முட்டாள் பெரியவர்கள் நிறைந்த கதையைப் பிள்ளைகள் முதலில் ரசிப்பார்கள், மூன்றாம் அத்தியாயத்தில் சலித்துக்கொள்வார்கள்.

படி 5: உடம்பு

நேரில் வருகிற கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். இரண்டு கை, இரண்டு கால், பச்சைத் தோல் போடுவதற்கு முன் நம் காட்டையே ஒருமுறை பாருங்கள். முதுமலையில் இருக்கிற யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பல கிலோமீட்டர் தூரம் பேசிக்கொள்கின்றன, ஜீப்பில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிற நமக்கு அது தெரிவதில்லை. ஆக்டோபஸின் நரம்பணுக்களில் பெரும்பகுதி கைகளில் இருக்கிறது, ஒவ்வொரு கையும் தன் போக்கில் யோசிக்கிற மாதிரி. முதலில் அதன் கிரகத்தில் வெளிச்சம் எப்படி, காற்று எப்படி என்று தீர்மானியுங்கள், அப்புறம் அது எதை வைத்து உலகத்தை அறிகிறது என்று, தோற்றம் கடைசியில்.

படி 6: மொழிபெயர்க்கும் கருவியைத் தூக்கிப் போடுங்கள்

காதில் மாட்டினால் எல்லா மொழியும் புரிகிற கருவி வைத்த கதைகள் எத்தனையோ. அதை வைத்ததும் உங்கள் ஏலியன் வேறு நிறத்தில் உள்ள பக்கத்து வீட்டு அங்கிள் ஆகிவிடுவார்.

நாம் அனுப்பிய செய்திகளையே பாருங்கள். 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கூட்டத்துக்கு 1679 துண்டுகள் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) கொண்ட செய்தி ஒன்று போனது. 1679 என்பது 23ஐ 73ஆல் பெருக்கினால் வருவது, இரண்டும் பகா எண்கள், ஆகவே அதை 23க்கு 73 கட்டங்களாக அடுக்கினால் படம் தெரியும் என்பது ஏற்பாடு. அந்தப் படத்தைத் தெருவில் போகிற நாலு பேரிடம் காட்டி என்னவென்று கேட்டுப் பாருங்கள். மனிதனுக்கு மனிதன் அனுப்பினாலே இந்த கதி. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் போன தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே உங்கள் ஏலியன் அந்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டுத் தமிழ் பேசினான் என்று எழுத முடியாது. தெலுங்கு பேசினான் என்றால் நம்பலாம். தமிழ்ப் பிள்ளையும் தெலுங்கு ஏலியனும், இதையும் யாராவது எழுதுங்களேன்.

தமிழில் எழுதுகிறவருக்கு வேறு இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று திணை. நாம் வினைமுற்றை எழுதும்போதே வந்தவர் யார் என்று சொல்லியாக வேண்டும்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. என் பழைய நோட்டில் முதல் வரியிலிருந்தே "அவன்" என்று போட்டிருந்தேன். அதைப் படித்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள், "அது ஆண்னு யார் சொன்னா?" பதில் இல்லை. நன்னூல் "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்கிறது, மற்றதெல்லாம் அஃறிணை. வேற்றுகிரகத்திலிருந்து வந்தவர் மக்களா, தேவரா, நரகரா? உங்கள் நாயகி முதல் பாதி முழுக்க "அது" என்று சொல்லிக்கொண்டிருந்து, ஒரு நாள் தன்னை அறியாமல் "அவங்க" என்று சொல்லிவிடட்டும். அதற்கு முன்னும் பின்னும் விளக்கம் வேண்டாம், படிக்கிறவர் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று நாம், நாங்கள். கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்வது நாம், விட்டுவிட்டுச் சொல்வது நாங்கள். மெல்ல மெல்லத் தமிழ் கற்றுக்கொள்கிற ஒன்று, இருநூறு பக்கமும் "நாங்கள்" என்றே பேசிவிட்டு, ஒருநாள் "நாம் இங்கே இருப்போம்" என்கிறது. இலக்கணப் பிழையா, அழைப்பா, ஆக்கிரமிப்பா? மூன்று பேர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளலாம், கைகலப்பு வரைகூடப் போகலாம். தமிழில் எழுதினால் இது ஓசியில் கிடைக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

படி 7: யாரிடம் சொல்வது

இளையோர் கதையில் நடுப்பகுதி தொய்வதற்குக் காரணம், விஷயம் பெரியவர்கள் கைக்குப் போனதும் நாயகிக்கு வேலை இல்லாமல் போவது. இதற்கு நிஜத்திலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சர்வதேச விண்வெளியியல் அகாடமி 1989இல் ஒரு நெறிமுறை வகுத்தது. சந்தேகத்துக்குரிய சிக்னல் கிடைத்தால் முதலில் மற்ற மையங்களைக் கொண்டு சரிபாருங்கள், உறுதியானால் உலகத்துக்குச் சொல்லுங்கள், ஆனால் சர்வதேச அளவில் கலந்து பேசாமல் யாரும் பதில் அனுப்பாதீர்கள் என்பது அதன் சாரம். சட்டம் கிடையாது, ஒப்புக்கொண்ட ஒழுங்கு, அவ்வளவுதான்.

ஆகவே உலகம் முழுக்க அறிஞர்கள் கூடிப் பதில் அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது, சுமதி ஏற்கனவே அனுப்பிவிட்டாள். எப்படி என்பதை நீங்கள் கண்டுபிடியுங்கள் (முத்தோரைத் தொலைநோக்கி கேட்க மட்டுமே செய்யும், அனுப்பாது, அந்த வழியில் போகாதீர்கள்). பதில் திரும்பி வர 24 வருடம், திரும்ப அழைத்துக்கொள்ளவும் முடியாது. அனுப்பியதை அம்மாவிடம் எப்போது சொல்வாள் என்பதுதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் புரட்ட வைக்கும்.

பதில் அனுப்புவதே நல்லதா என்ற கேள்வியைக் கதை தொட வேண்டும் என்றால் ரொம்பத் தூரம் போக வேண்டாம். 1991 ஜனவரியில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு படகிலிருந்து தேங்காய்களை மிதக்க விட்டது, வெளியாட்களை அண்டவிடாத அந்தத் தீவின் மக்கள் தண்ணீரில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கே யாரும் போகக் கூடாது. பக்கத்துத் தீவுகளில் பெரும் அந்தமானியர்கள், வெளியாட்கள் வந்த பிறகு நோயிலும் வன்முறையிலும் ஆயிரக்கணக்கிலிருந்து சில பத்துப் பேராகக் குறைந்துபோனார்கள். இவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள், இவர்களை ஏலியன் ஆக்கிவிடாதீர்கள். தேங்காய் கொண்டுபோன படகில் இருக்கிறவர்கள்தான் நட்சத்திரத்திலிருந்து வருகிறவர்கள் என்று வைத்துக் கரையில் நின்று எழுதிப் பாருங்கள்.

படி 8: உட்கார்ந்து எழுதுவது

மற்றதெல்லாம் வழக்கமான விஷயம். தினம் ஒரு பக்கம் போதும். எழுதியதைப் பதின்மூன்று வயதுள்ள யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள், நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். எந்த வரியில் போனைப் பார்த்தார்கள் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தட்டு, வெளிச்சம், கரண்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பால் கணக்கு நோட்டைத் திறங்கள்.

திங்கள். பால் 6 லிட்டர். சார் வந்தார், 7.40.
செவ்வாய். பால் 6. சார், 7.36.
புதன். பால் 5. சார் வரவில்லை.
வியாழன். பால் 6. மிக்ஸி ரிப்பேருக்குப் போனது. சார், 7.28.
வெள்ளி. பால் 6. மிக்ஸி இல்லை. சார், 7.24.
சனி. பால் 4. நாளைக்கு 7.16க்கு வருவார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள்.